ஆறுதல் வசனத்தை மட்டும் வாசித்தால் தப்பா?

காரைக்குடி மகள்:
அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து படுக்கும் முன் 23ஆம் சங்கீதம்தான், கர்த்தர் என் மேய்ப்பர் என்று தொடங்குகிறதே, அது. அம்மாவின் பைபிளில் அந்தப் பக்கம் எண்ணெய்க்கை பட்டுப் பட்டு மஞ்சளாகிக் கிடக்கிறது, எடுத்தாலே அங்கேதான் திறக்கும். வாசித்தால் தூக்கம் வருகிறது, உண்மையாகவே. ஆனால் மத்தேயு 5:23, 24 வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம். அம்மாவின் நகையைப் பிரித்ததில் எனக்கும் அக்காவுக்கும் வாய்த்தகராறு, அடக்க ஆராதனைக்கு அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. அவள் இருப்பது புதுவயலில்தான். துக்கத்தில் இருப்பவள் ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டால் தப்பா?

கல்லல்காரன்:
தப்பு என்று சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனால் நீங்கள் வாசிக்கிற சங்கீதத்திலேயே 3ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆத்துமாவைத் தேற்றுகிறார், நீதியின் பாதைகளில் நடத்துகிறார், இரண்டும் ஒரே வசனம். மரண இருளின் பள்ளத்தாக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது. "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்பது எனக்குச் சின்ன வயதில் புரியவே இல்லை, கம்பு எப்படித் தேற்றும்? என் தாத்தா ஆடு மேய்த்தவர். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட ஊர் ஊராகப் போகும்போது நானும் விடுமுறையில் கூடப் போவேன். பக்கத்து வயலில் பயிர் நின்றால் ஆடு தலையை அந்தப் பக்கம் திருப்பும், தாத்தா கம்பை அதன் கழுத்தோரம் சும்மா வைப்பார், அடிக்க மாட்டார், ஆடு வரிசைக்குத் திரும்பிவிடும். ராத்திரி நரி வந்தால் அதே கம்புதான். நரியை விரட்டுவதற்கு ஒன்று, நம்மைத் திருப்புவதற்கு ஒன்று என்று அவர் இரண்டு வைத்திருக்கவில்லை. நான் அந்த வசனத்தை அப்படித்தான் வாசிக்கிறேன்.

தேவகோட்டை டீச்சர்:
நாங்கள் கத்தோலிக்கர், சங்கீதத்தைத் திருப்பாடல் என்போம், அடக்கத் திருப்பலியில் பாடுவதும் பெரும்பாலும் இதே 23தான். மேலே சொன்னது சரி, ஆனாலும் யாரும் இந்தப் பிள்ளையை அவசரப்படுத்த வேண்டாம். 88ஆம் திருப்பாடலை வாசியம்மா. கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாமல் முடியும், அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே. அப்புறம் 1 அரசர்கள் 19. போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று இறைவாக்கினர் எலியா செடியடியில் படுத்துவிடுகிறார். தேவதூதர் புத்தி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார், மறுபடி தூங்க விடுகிறார், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். நீ போகவேண்டிய பயணம் நெடுந்தூரம் என்பதே இரண்டாம் முறைதான் வருகிறது. நாற்பது நாள் நடக்கிறார், அதற்குப் பிறகுதான் உனக்குப் பதிலாக எலிசாவை இறைவாக்கினராக அபிஷேகம் பண்ணு என்கிற வேலையெல்லாம். என் வீட்டுக்காரர் இறந்தபோது "எல்லாம் நன்மைக்கே" என்று உரோமையர் 8:28ஐச் சொன்னவர்கள் நிறையப் பேர், வசனம் சத்தியம்தான், ஆனால் அன்றைக்கு எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்தான் மனதில் நிற்கிறாள். நீ இப்போது எலியாவின் முதல் தூக்கத்தில் இருக்கிறாயா, இரண்டாவதிலா என்று உனக்குத்தான் தெரியும்.

பள்ளத்தூர் அண்ணன்:
2 கொரிந்தியர் 1:4ஐயும் சேர்த்துப் பாருங்கள். நமக்கு வருகிற ஆறுதல், உபத்திரவத்தில் இருக்கிற இன்னொருவருக்கு ஆறுதல் செய்யும்படி என்கிறார் பவுல். சும்மா எழுதவில்லை, நாலு வசனம் தள்ளி, ஆசியாவில் தனக்கு வந்த உபத்திரவத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். ஒன்று கேட்கட்டுமா? அம்மா இறந்தது உங்கள் அக்காவுக்கும்தானே. அவருக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா?

காரைக்குடி மகள்:
அண்ணன் கேட்டதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். எட்டு மாதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. டீச்சர், இரண்டாவது தூக்கம் என்றுதான் நினைக்கிறேன். நகையைப் பற்றி இன்னும் கோபம் போகவில்லை, போனதாகச் சொன்னால் பொய். ஆனால் அம்மா சீடைக்கு மாவு பிசைகிற மங்கு கிண்ணம் என்னிடம்தான் இருக்கிறது, ஓரத்தில் நீலம் உதிர்ந்து கறுத்தது. அக்கா அதைக் கேட்டாள், நான் பதிலே சொல்லவில்லை. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு புதுவயல் பஸ் ஏறுகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.