காற்றில் குளிரும் வேனுக்கு இரட்டை கார்புரேட்டர் போடலாமா?

மைக்செட்காரன், உசிலம்பட்டி

அப்பா குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்றிக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போன வண்டி, 1973 மாடல் ஃபோக்ஸ்வேகன் வேன். ஊரில் 'ரொட்டி வண்டி' என்றால்தான் தெரியும். இப்போது உள்ளே மடக்குக் கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீர்க் கேன் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கிவிட்டேன். பின்னால் இருப்பது 1600 சிசி எஞ்சின், நடுவில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் ஒற்றை சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர்.

ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போதுதான் வம்பு. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி அப்படியே அமுங்கிவிட்டு, அப்புறம் எகிறுகிறது. செக்கானூரணியில் டவுன் பஸ்காரர் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே என் மானத்தை வாங்கிவிட்டார். மிதிக்காமல் சும்மா ஓடும் ஸ்லோவும் நிற்பதில்லை, காலையில் ஒரு மாதிரி, சூடானதும் வேறு மாதிரி. போன மாதம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினோம். கீழே எப்படியோ சமாளித்த வண்டி, பெருமாள்மலை தாண்டியதும் கரும்புகை கக்கியது. சம்சாரம் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெள்ளி அருவி வரைக்கும் பேசவே இல்லை.

மெக்கானிக் 'இதைக் கழற்றி எறிந்துவிட்டு ரெட்டை கார்புரேட்டர் போடுங்கள்' என்கிறார். நடுவிலேயே இரண்டு வாய் வைத்த வெபர் 32/36 கார்புரேட்டரை உட்கார வைத்தால் போதும் என்று இன்னொருவர். எதை வாங்கலாம்?

கோவை_வண்டு

அண்ணே, நான் பீட்டிலுக்கு இரட்டை வெபர் 34 ஐசிடி போட்டு மூன்று வருஷம் ஆகிறது. இழுவை நன்றாகவே கூடியது. காரணம் எளிது: நடுவில் ஒன்று இருந்தால் பெட்ரோல் நீளக் குழாயில் இரண்டு பக்கமும் ஊர்ந்து போக வேண்டும். இரட்டையில் ஒவ்வொரு ஹெட்டின் தலைமேலேயே ஒன்று உட்காரும். ஆனால் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாகி விரிந்தால் இரண்டையும் ஆக்சிலேட்டரோடு இணைக்கும் லிங்கேஜ் கம்பியின் அளவு மாறும். குளிர்ந்த எஞ்சினில் வைத்த செட்டிங் சூட்டில் தப்பிவிடும். எனக்கு இது பொழுதுபோக்கு. உங்களுக்கு வண்டி ஓடினால் போதுமென்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

32/36-ஐ ஒரு நண்பர் போட்டுக் கழற்றினார். பெரிய வாய், அதே நீளக் குழாய். அமுங்கல் போகவில்லை.

சிம்மக்கல்_ஸ்பேனர்

தம்பி, ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கம் 009 என்றால் பாதி நோய் தெரிந்துவிட்டது. அதில் எஞ்சின் உறிஞ்சலை வைத்து டைமிங்கை முன்னேற்றும் வேக்கம் டப்பா கிடையாது. மிதித்த கணத்தில் ஸ்பார்க் முன்கூட்டி வர வழியில்லை; சுற்று ஏறிய பிறகுதான் உள்ளே சுழலும் எடைகள் விரிந்து டைமிங் முன்னேறும். அந்த ஒரு நொடிதான் உங்கள் டவுன் பஸ் நொடி.

அடுத்து, வண்டி ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்று மாறினால் தண்டு ஓட்டை தேய்ந்து காற்று உள்ளே போகிறது. லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் போட்டால் சரியாகும். புது கார்புரேட்டர் விலை எங்கே, புஷ் கூலி எங்கே!

ஸ்லோ வைப்பதில் நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. திராட்டில் லீவரில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகிவிடுவார்கள். 34 பிக்ட்-3-ல் அதைத் தொடவே கூடாது. பக்கத்தில் பெரிய ஸ்க்ரூ ஒன்று, சின்ன ஸ்க்ரூ ஒன்று. பெரியது வேகத்துக்கு, சின்னது பெட்ரோல்-காற்றுக் கலவையான மிக்சருக்கு. சின்னதை மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். சூடான எஞ்சினில் ஸ்லோ நிமிஷத்துக்கு 850 சுற்று.

கொடைக்கானல் புகைக்கு கார்புரேட்டரைத் திட்டாதீர்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெல்லிசு, பெட்ரோலை அளந்து விடும் ஜெட் ஓட்டை அதே அளவு. பெட்ரோல் கூடத்தான் செய்யும். இரட்டை போட்டாலும் இரண்டு பக்கமும் புகைக்கும்.

தேனி_டிரைவர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. இப்போது பங்க்கில் வரும் இ20 பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் சேர்வதால் மிக்சர் மெலியும். மெலிந்தால் ஹெட் சூடாகும். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அது ஆகாது. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பிளக் நிறம் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸை இன்றே மாற்றுங்கள். எஞ்சின் அறைக்குள் பெட்ரோல் ஃபில்டர் தொங்கினால் வெளியே எடுங்கள். கசிந்து தீப்பிடித்த வேனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எஞ்சின் அறையை அடிப்பக்கத்திலிருந்து பிரிக்கும் தகட்டைச் சுற்றி ரப்பர் இருக்கிறதா? அது இல்லையென்றால் அடியில் போன சூட்டுக்காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

மைக்செட்காரன், உசிலம்பட்டி

சிம்மக்கல் அண்ணே, 009-தான்! எப்போது யார் மாட்டினார்கள் என்று கேட்டால் கடைப் பையன்கள் ஆகாசத்தைப் பார்க்கிறார்கள். பழைய வேக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள், தினத்தந்தி தாளில் சுற்றிக் கிடந்தது. டயாஃப்ரம் உயிரோடு இருக்கிறதா என்று குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன், தட்டு நகர்ந்தது. அதையே மாட்டிவிட்டேன். தண்டிலும் ஆட்டம் இருந்தது. லேத்தில் புஷ் போட்டாயிற்று. திராட்டில் ஸ்க்ரூவையும் எவனோ மூன்று சுற்று ஏற்றி வைத்திருந்தான், இறக்கிவிட்டேன். மெயின் ஜெட் 127.5 இருந்தது, 130 போட்டேன். பிளக் சரியான கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது.

நேற்று செக்கானூரணியில் வேண்டுமென்றே பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்திக் கிளப்பினேன். அமுங்கவில்லை. தகட்டு ரப்பர் பாதி இல்லை, அடுத்த வாரம் அதுதான் வேலை. ரெட்டை கார்புரேட்டருக்கு ஒதுக்கிய காசில் சம்சாரம் ஃப்ரிட்ஜ் கேட்கிறாள், வேனுக்கு இல்லை, வீட்டுக்கு.