புதுப்பிப்பு: லூசி பிளாக்மேன் வழக்கு, 2007 தீர்ப்புக்குப் பிறகு

டோக்கியோவின் ரொப்போங்கிப் பகுதியில் மது விடுதியொன்றில் பணிபுரிந்து, 2000 ஜூலை 1 அன்று காணாமல் போன 21 வயது பிரிட்டன் பெண் லூசி பிளாக்மேனைப் பற்றிய என் இழையை 2007 ஏப்ரல் தீர்ப்போடு நிறுத்தியிருந்தேன். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஜோஜி ஒபாரா, லூசி தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டதை மட்டும் எழுதியதால், ஒபாரா விடுதலையாகி வீடு திரும்பிவிட்டார் என்று சிலர் எண்ணிவிட்டார்கள். அது என் பிழைதான்.

அதே தீர்ப்பில், வேறு பல பெண்களுக்கு இழைத்த பாலியல் வன்கொடுமைகளுக்கும், 1992இல் ஆஸ்திரேலியப் பெண் கரிட்டா ரிட்ஜ்வே இறந்ததற்கும் சேர்த்து அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கரிட்டாவின் மரணத்துக்குக் கல்லீரல் நோயே காரணம் என்று அப்போது நம்பப்பட்டது. மருத்துவமனையில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த கல்லீரல் திசுவை ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அதில் குளோரோஃபார்ம் (கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மயக்க மருந்து) இருந்தது தெரியவந்தது. அந்தச் சிறு துணுக்கு இல்லையென்றால் அந்த வழக்கே இல்லை.

லூசிக்கு அப்படியொரு சான்று வாய்க்கவில்லை. 2001 பிப்ரவரியில் டோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள மியுரா கடற்கரைக் குகையொன்றில் கிடைத்த உடல், மரணத்தின் காரணத்தை அறிய முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. ஆகவே 2008 டிசம்பரில் டோக்கியோ உயர் நீதிமன்றம் அவளைக் கடத்தியதற்கும், உடலைத் துண்டித்து மறைத்ததற்கும் ஒபாராவைக் குற்றவாளி என்றதே தவிர, மரணத்துக்கு அவரைப் பொறுப்பாக்கவில்லை. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததால் ஆயுள் தண்டனை உறுதியானது.