பழைய போர் விமானங்கள்: பறக்க விடுவதா, நிறுத்தி வைப்பதா?

வான்நோக்கி:

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களில் இன்றும் பறப்பவற்றையெல்லாம் தரையிறக்கி அருங்காட்சியகங்களில் நிறுத்திவிட வேண்டும் என்ற குரல் சில ஆண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸில் பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 போர் விமானமும் நடுவானில் மோதி ஆறு பேர் இறந்ததும், 2024 மே மாதத்தில் இங்கிலாந்தின் கானிங்ஸ்பி அருகே ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்று விழுந்து அதன் விமானி உயிரிழந்ததும் அந்தக் குரலுக்கு வலுச் சேர்த்துள்ளன. அந்த இழப்புகளைச் சிறிதும் குறைத்து மதிப்பிடாமல் இக்கோரிக்கையை நான் மறுக்கிறேன். இவ்விமானங்கள் மீது நமக்குள்ள ஈர்ப்பில் பாதிக்கு மேல் எஞ்சின் மீதான ஈர்ப்புதான். எஞ்சினை ஓடும்போதுதான் அறிய முடியும்.

1940இல் மெர்லின் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயரின் மூக்கைச் சட்டென்று தாழ்த்தினால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் மேலெழும்பி, எஞ்சின் திணறும். எதிரில் பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் டைம்லர்-பென்ஸ் 601 எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. துரத்தப்படும் ஜெர்மானிய விமானி மூக்கைத் தாழ்த்தி நழுவிவிடுவார். பிரிட்டிஷ் விமானியோ தம் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிய பிறகே அவரைப் பின்தொடர முடியும். ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டை எரிபொருள் பாதையில் பொருத்தச் செய்து 1941இல் இதைப் பெருமளவு சரிப்படுத்தினார். கயிறு கட்டிய தடுப்புக்கு அப்பால் அசையாமல் நிற்கும் மெர்லினைப் பார்ப்பவருக்கு இதில் எது புலப்படும்?

துருவின் தோழன்:

நண்பர் காட்டிய சான்று அவர் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. ஷில்லிங்கின் தீர்வை நாம் அறிந்தது ஆவணங்களிலிருந்து; கண்காட்சியில் வட்டமடிக்கும் ஸ்பிட்ஃபயரிடமிருந்து அன்று.

அது மட்டுமன்று, இன்று பறக்கும் மெர்லின் போர்க்கால மெர்லினைப் போல ஓடுவதுமில்லை. உயர்தரமான 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும் 1940இல், எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் அதன் சூப்பர்சார்ஜரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்தப்பட்டது. 1944இல் 150 தரப் பெட்ரோலைக் கொண்டு மெர்லின் 66இல் 25 பவுண்டு வரை சென்றார்கள். இன்றைய உரிமையாளர்கள், எஞ்சின் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காக, அந்த உச்சத்துக்கு வெகு கீழேயே அதை ஓட்டுகிறார்கள். அவர்கள் செய்வது சரியே. ஆனால் நீங்கள் கேட்டு மெய்சிலிர்ப்பது அடக்கி வாசிக்கப்பட்ட முழக்கம்.

‘பிளாக் சிக்ஸ்’ என்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-2 விமானத்தை நினைத்துப் பாருங்கள். 1942இல் வட ஆப்பிரிக்காவில் கைப்பற்றப்பட்ட அதைத் தன்னார்வலர்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பாடுபட்டு 1991இல் பறக்க வைத்தார்கள். 1997 அக்டோபரில், அருங்காட்சியகத்துக்கு ஓய்வாக அனுப்பப்படுவதற்கு முன் அதன் கடைசிப் பறப்பு என்று குறித்திருந்த நாளில், எஞ்சின் கோளாறு கண்டு இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு அருகே வயலில் இறங்கித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. விமானி உயிர் தப்பினார். போர்க்காலத் தொழிலாளர் கை பட்ட பாகங்களில் எத்தனை அன்று நசுங்கின என்பதை எந்தக் கண்காட்சிக் கட்டணமும் ஈடுசெய்யாது.

வான்நோக்கி:

நிறுத்தி வைப்பதால் ஒன்றும் கெடாது என்ற எண்ணத்தை முதலில் கைவிடுவோம். அமெரிக்கப் போர் விமானமான பி-47 தண்டர்போல்ட்டின் ஆர்-2800 எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வளையங்களில் 18 சிலிண்டர்கள், 46 லிட்டர் கொள்ளளவு, 2,000 குதிரைத்திறனுக்கும் மேல். சில நாள் நின்றுவிட்டால் எண்ணெய் கசிந்து கீழ்ப்பகுதிச் சிலிண்டர்களில் தேங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால், அழுந்த மறுக்கும் எண்ணெய் மீது பிஸ்டன் மோதி அதன் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே தரைப் பணியாளர்கள் முதலில் புரொப்பெல்லரைக் கையால், அதன் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மெல்லச் சுற்றுவார்கள். எங்காவது இறுகி நின்றால் மேலும் தள்ளக் கூடாது. பின்னோக்கித் திருப்பவும் கூடாது, திருப்பினால் எண்ணெய் உள்ளிழு குழாய்க்குள் போய் அடுத்த முறை காலை வாரிவிடும். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும். இந்த இறுக்கத்தை உள்ளங்கையில் உணரும் பக்குவம், எஞ்சின் ஓடும் இடத்தில் மட்டுமே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ச் சேரும்.

மேலும், பறக்கும் விமானங்கள் பலவற்றில் பழைய உலோகம் மிகக் குறைவு. 1940இல் பிரான்ஸின் கலே கடற்கரையில் இறங்கி, மணலில் புதைந்து, 1980இல் வெளிப்பட்ட பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 2011இல் மீண்டும் பறந்தது. 40 ஆண்டு உப்பு நீரில் ஊறிய அலுமினியத்தை நம்பி யாரும் வானேற மாட்டார்கள் என்பதால், அதன் பெரும்பகுதி புதிதாகச் செய்யப்பட்டது. அது பறப்பதால் எந்த வரலாற்றுச் சான்று அழிகிறது?

துருவின் தோழன்:

எதுவும் அழியவில்லை, அது தாராளமாகப் பறக்கட்டும். மெர்லின் ஏறத்தாழ 1,50,000 செய்யப்பட்டது. அவற்றில் 55,000க்கும் மேற்பட்டவை அமெரிக்காவின் பேக்கர்ட் ஆலையில் உருவானவை. உதிரிப் பாகங்களும் கைதேர்ந்த பட்டறைகளும் இன்னும் இருக்கின்றன. என் கவலை வேறு. பிரிட்டிஷ் போர் விமானமான ஹாக்கர் டைஃபூன் 3,300க்கும் மேல் செய்யப்பட்டு, முழு விமானமாக எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. கலிஃபோர்னியாவின் சீனோ நகரிலுள்ள ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானம், தன் மூல வகை ஸகாயே எஞ்சினுடனேயே பறக்கும் ஒரே ஸீரோ. அதை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

அளவுகோல்:

இருவருக்கும் ஒரு கேள்வி. அரிய எஞ்சின்களைத் தரையிலேயே ஓட்டிக் காட்டினால் என்ன? ஒலியும் கிடைக்கும், பணியாளர்களின் பக்குவமும் தொடரும், விழுந்து நொறுங்கும் அச்சமும் இல்லை.

வான்நோக்கி:

காற்றால் குளிர்விக்கப்படும் ஸகாயேவுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் வேகமாகப் பறக்கும்போது வரும் காற்றை நம்பி வடிவமைத்தவை இவை. தரையில் ஓடினால் விரைவில் சூடேறும். ஸ்பிட்ஃபயரில் நிலைமை இன்னும் மோசம். தரையில் நிற்கும்போது, கீழே இறங்கியிருக்கும் சக்கரக் கால் இறக்கைக்கு அடியிலுள்ள ரேடியேட்டருக்கு முன்னால் வந்து காற்றை மறித்துக்கொள்ளும். அதனால்தான் எஞ்சின் உயிர்பெற்றதும் விமானிகள் வெப்பமானியின் மீது ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஓடுபாதைக்கு விரைகிறார்கள். சில நிமிடங்கள், அதுவும் குறைந்த வேகத்தில், என்ற அளவில் உங்கள் யோசனையை ஏற்கலாம். முழுத் திறனை அப்படிக் காட்ட முடியாது. ஸீரோவும் ஆண்டுக்குச் சில முறையாவது, நல்ல வானிலையில், சாகசம் ஏதுமின்றி நேராகப் பறந்து இறங்கட்டும் என்பதே என் நிலை.

துருவின் தோழன்:

‘பிளாக் சிக்ஸ்’ கவிழ்ந்தது சாகசத்தின்போது அன்று, தரையிறங்கும்போது. நேராகப் பறந்தாலும் இறங்கித்தானே ஆக வேண்டும்? அளவுகோல் சொன்ன சில நிமிடத் தரை ஓட்டத்துக்கு நான் இசைகிறேன். ஸகாயே விஷயத்தில் அதற்கு மேல் ஓர் அடிகூட வர மாட்டேன்.