வெளிக்கூண்டுப் பச்சோந்தி, ராத்திரி 12 டிகிரி: உள்ள தூக்கிட்டு வரணுமா?

மொட்டைமாடி:

என்கிட்ட இருக்கிறது ஆண் வெய்ல்டு பச்சோந்தி, வயசு பதினாலு மாசம். நாலடி உயர வலைக்கூண்டு, ஆறு மாசமா மாடியிலதான் வாசம். உள்ள இருந்தப்ப பேருக்குச் சாப்பிடுவான். வெளிய வெச்சு நேர் வெயில் பட ஆரம்பிச்சதும் ஆளே மாறிட்டான். அதனால திரும்ப உள்ள கொண்டுவர மனசு வரல.

இப்ப ராத்திரி குளிர ஆரம்பிச்சிருச்சு. சுவத்துல மாட்டின தெர்மாமீட்டர் போன வாரம் 14 காட்டுச்சு, நேத்து விடியக்காலை 12. பகல்ல 26, 27 வரைக்கும் ஏறிடுது.

நேத்து காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தா வெயில் படுற பக்கம் கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடக்கு. சுத்தி வந்து பார்த்தா மறுபக்கம் வெளிறின பச்சை. பக்கவாட்டுல நசுக்கின மாதிரி உடம்பைத் தட்டையாக்கிட்டு, அசையாம ஒட்டிட்டு இருக்கான். வழக்கமா நான் கையை நீட்டினாலே சீறுவான், நேத்து அதுவும் இல்ல. ஒரு வெட்டுக்கிளியைக் காட்டினேன். நாக்கு வழக்கம்போலப் பாய்ஞ்சு பிடிச்சிருச்சு. ஆனா திரும்பி உள்ள போக மாட்டேங்குது! வெட்டுக்கிளியோட தொங்குது, கொஞ்சம் கொஞ்சமா இழுக்கிறான். நான் வெலவெலத்துப் போயிட்டேன். பத்து மணிக்கெல்லாம் ஒண்ணும் நடக்காத மாதிரி பச்சையா உலாத்திட்டு இருக்கான்.

ராத்திரி மட்டும் உள்ள தூக்கிட்டு வரணுமா? 60 வாட் சிவப்பு பல்பு ஒண்ணு சும்மா கிடக்கு, போடலாமா? கூண்டைப் பிளாஸ்டிக் ஷீட்டால சுத்திட்டா போதுமா?

பச்சைத்தோல்:

யோசிக்கவே வேணாம், உள்ள தூக்கிருங்க. இல்லன்னா அந்த சிவப்பு பல்பையே ராத்திரி பூரா எரிய விடுங்க. சிவப்பு வெளிச்சம் அதுங்க கண்ணுக்குத் தெரியாது, தூக்கம் கெடாது.

கிளைநுனி:

பச்சைத்தோல் கோவிச்சுக்காதீங்க, சிவப்பு தெரியாதுன்னு சொல்றது தப்பு. பச்சோந்திக்கு நம்மளவிட நல்லாவே நிறம் தெரியும். சிவப்பும் தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். ராத்திரி பூரா மூஞ்சியில பல்பு எரிஞ்சா கண்ணை மூடாது, நாலு நாள்ல பகல்லயும் தூங்கி வழியும். ராத்திரின்னா கும்மிருட்டா இருக்கணும்.

மொட்டைமாடி தம்பி, முதல்ல அந்த நாக்கு விஷயம். பயப்பட ஒண்ணும் இல்ல. 2010ல வெய்ல்டு பச்சோந்தியை வெச்சே இதை ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. நாக்கு வெளிய பாயறது வில்லுல அம்பு விடற மாதிரி. முன்கூட்டியே இழுத்து வெச்ச திசுவோட விசையில போறதால, குளிர்லயும் வேகம் பெருசா குறையாது. உள்ள இழுக்கிறது சுத்தமா தசையோட வேலை. குளிர்ல தசை மந்தமாயிரும், அதனால இழுவை படுத்துக்கும். நீங்க பார்த்தது அதான். ஆனா அதுல ஒரு பாடம் இருக்கு. உடம்பு சூடாகறதுக்கு முன்னாடி இரை கொடுக்காதீங்க. நாக்கே இப்படின்னா வயிறு எப்படி இருக்கும்? குளிர்ந்த வயித்துல செரிமானம் நடக்காது. இதே காரணத்துக்காக சாயங்காலமும் கொடுக்கக் கூடாது. நான் காலை பத்து மணிக்கு மேல கொடுத்து, மத்தியானத்தோட முடிச்சுக்கிறேன்.

ஒரு பக்கம் கறுத்து, தட்டையா ஒட்டிக் கிடந்தது நோய் இல்ல. கறுப்பு சூட்டை வாங்கும், தட்டையானா வெயில் படுற பரப்பு கூடும். பத்து மணிக்குப் பச்சைக்குத் திரும்பிட்டான்ல? அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கான். மத்தியானமும் கறுப்பாவே இருந்தாத்தான் கவலைப்படணும்.

அடுத்து, உங்க தெர்மாமீட்டர் சுவத்தோட கதையைச் சொல்லுது. பகல் பூரா வெயில் வாங்கின சுவர் ராத்திரி சூடு விட்டுட்டே இருக்கும். அவன் தூங்கற கிளையில உண்மையில 12ஐ விடக் குறைவாவே இருந்திருக்கலாம். வயர் வெச்ச தெர்மாமீட்டர்ல குறைஞ்ச அளவு, கூடின அளவு ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கிற மாதிரி ஒண்ணு கிடைக்கும். அதோட முனையை அவன் தூங்கற கிளைக்கு ஒரு விரல் தள்ளிக் கட்டுங்க. இது இல்லாம மத்த எதைப் பேசியும் பிரயோஜனம் இல்ல.

எந்த இனம்னு தெரியாம இத்தனை டிகிரின்னு சொல்றவங்களை நம்பாதீங்க. வெய்ல்டு ஏமன், சவுதி மலைப்பக்கம் வாழற ஜாதி, ராத்திரிக் குளிர் அதுக்குப் புதுசு இல்ல. பேந்தர் பச்சோந்தி மடகாஸ்கரோட கரையோரத் தாழ்நிலத்துக்காரன், அவனை 15க்குக் கீழ நான் வெளிய விடறதில்ல. ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைக்காரன். அவனுக்குக் குளிரான ராத்திரி இருந்தே ஆகணும், இல்லன்னா வாடிப்போவான். நல்லா சாப்பிடற, வளர்ந்த வெய்ல்டுக்கு நான் வெச்சிருக்கிற கோடு 10. அதுவும் ரெண்டு நிபந்தனையோட: ராத்திரி உடம்பு நனையக் கூடாது, மறுநாள் வெயில் அடிக்கணும். குட்டி, முட்டை சுமக்கற பெட்டை, ஏற்கெனவே முடியாம இருக்கறது எல்லாம் 18க்குக் கீழ போனா உள்ளதான்.

குளிரைவிட எனக்கு ஈரத்தைக் கண்டாத்தான் பயம். ஈரம், குளிர், காத்தோட்டம் இல்லாத இடம் மூணும் சேர்ந்தா நுரையீரலைப் பிடிச்சுக்கும். வாயைப் பிளந்து, தலையை மேல தூக்கி மூச்சு விடறது, மூச்சு விடும்போது டிக் டிக்னு சத்தம், வாய் ஓரத்துல நுரை, இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஊர்வன பார்க்கற டாக்டர்கிட்ட போயிருங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

அதனால பிளாஸ்டிக் ஷீட்டை முழுசா சுத்தாதீங்க, உள்ள வேர்த்து அதுவே நனைச்சிரும். காத்து வர்ற பக்கத்தையும் பின்பக்கத்தையும் மறைச்சு, கீழ நாலு விரல், மேல நாலு விரல் சந்து விடுங்க. அதைவிட முக்கியம் தலைக்கு மேல ஒரு கூரை. மேகமே இல்லாத ராத்திரியில திறந்த வானம் பார்த்துக் கிடக்கற எதுவும் சீக்கிரம் குளிர்ந்துபோகும், சூடு நேரா மேல போயிரும். மரத்தடியில பனி குறைவா விழறது இதனாலதான். கூண்டு மேல பாதிக்கு ஒரு பலகையைப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

பல்பு பத்தி நீங்க கேட்டதுக்கு, நான் பண்ணின ஒரு கூத்தைச் சொல்றேன். அஞ்சு வருஷம் முன்னாடி வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் ஒண்ணை வாங்கி, கூண்டோட மேல் வலை மேலயே வெச்சுட்டுப் படுத்துட்டேன். காலையில போய்ப் பார்த்தா என் பேந்தர் வலையைக் கவ்விட்டுத் தலைகீழாத் தொங்கறான், முதுகு ஹீட்டரை ஒட்டி. உடம்பு உள்ள சில்லுன்னு இருக்கும்போது தோல் சுடறதுக்கு அது நகராது, சூடு வேணும்னு இன்னும் நெருங்கும். முதுகு முகட்டுல என் கட்டைவிரல் நீளத்துக்கு வெந்திருந்துச்சு. முதல் நாள் வெளுப்பாத்தான் தெரிஞ்சுது, மூணாம் நாள் கறுத்து உரிஞ்சுது. ஆற ரெண்டரை மாசம் ஆச்சு, அந்த இடத்துல முள் வரிசை இன்னிக்கும் இல்ல. அதுல இருந்து ஹீட்டர் வெச்சா வலையில இருந்து ஒரு சாண் உயரத்துல தொங்கவிட்டு, சூடு அளவைத் தாண்டினா தானா நிறுத்தற தெர்மோஸ்டாட்டோடதான் வைக்கிறேன். தெர்மோஸ்டாட் முனையும் தூங்கற கிளையிலதான் இருக்கணும்.

ஓம்விதி:

பச்சோந்தி வளர்க்கல, தம்பிக்காரன் வளர்க்கறான். கரென்ட் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

செராமிக் ஹீட்டருக்கு பீங்கான் ஹோல்டர்தான். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். வெளிய, பனியில, தண்ணி தெளிக்கிற இடத்துல வைக்கிறீங்க, அதனால கசிவு ஏற்பட்டா உடனே துண்டிக்கிற ஆர்சிசிபி அந்த லைன்ல இல்லாம ஆன் பண்ணவே கூடாது. வயரைக் கூண்டுக்குள்ள விடும்போது கீழே தொங்குற மாதிரி ஒரு வளைவு விட்டு மேல ஏத்துங்க, தண்ணி வளைவுலயே சொட்டிரும், ஹோல்டருக்குப் போகாது.

கரென்டே வேணாம்னா இன்னொரு வழி. 20 லிட்டர் கேன் ரெண்டை நிரப்பிக் கறுப்பு அடிச்சு, பகல் பூரா வெயில்ல வெச்சு, சாயங்காலம் கூண்டை ஒட்டி, ஷீட்டுக்கு உள்பக்கமா நகர்த்திருங்க. 40 லிட்டர் தண்ணி 10 டிகிரி இறங்கும்போது விடற சூடு, 50 வாட் ஹீட்டர் ஒன்பது மணி நேரம் ஓடினதுக்குச் சமம். சும்மா சொல்லல, கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்.

மொட்டைமாடி:

கிளைநுனி அண்ணே, ஓம்விதி, ரெண்டு பேருக்கும் நன்றி. சிவப்பு பல்பு குப்பைக்குப் போயிருச்சு. ஒரே ஒரு சந்தேகம்: நான் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தண்ணி தெளிக்கிறேன். அதை நிறுத்தணுமா? தண்ணி குடிக்காம போயிருவானோன்னு பயமா இருக்கு.

கிளைநுனி:

நிறுத்த வேணாம், காலைக்கு மாத்துங்க. வெயில் ஏறினதும் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. இருட்டறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே இலையெல்லாம் காய்ஞ்சிருக்கணும். குடிக்கிறானா இல்லையான்னு எச்சத்தைப் பார்த்தாத் தெரியும். அதுல வெள்ளையா வர்ற பகுதி வெள்ளையாவே இருந்தா சரி, ஆரஞ்சா மாறினா தண்ணி போதல.

ராத்திரி பனி மாதிரிப் புகை விடற மெஷின் வைக்கச் சொல்லி சிலர் சொல்வாங்க. காத்து நல்லா ஓடற கூண்டுல அதுவும் ஒரு முறைதான், நான் குறை சொல்லல. ஆனா ரெண்டு பக்கம் ஷீட் கட்டின கூண்டுல வேணவே வேணாம்.

பச்சைத்தோல்:

சிவப்பு பல்பு பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கு விக்கும்போது அப்படித்தான் சொன்னாங்க. என் பேந்தர் மத்தியானம் தூங்கறது இதனாலதானா?

கிளைநுனி:

இருக்கலாம். பல்பை நிறுத்திட்டு ஒரு வாரம் பாருங்க. அப்பவும் பகல்ல கண்ணை மூடினா டாக்டர்கிட்ட காட்டிருங்க, பகல் தூக்கம் நல்ல அறிகுறி இல்ல.

மொட்டைமாடி:

பத்து நாள் கழிச்சு வரேன். அண்ணன் சொன்னது சரி. வயர் தெர்மாமீட்டர் கட்டினப்புறம் சுவத்துல மறுபடி 12 காட்டுன அன்னிக்குக் கிளையில 10.5தான். அப்புறம் கூரைக்குப் பழைய கதவுப் பலகை, ரெண்டு பக்கம் ஷீட், கீழ ரெண்டு கேன். ஹீட்டர் வாங்கல. நேத்து ராத்திரி சுவத்துல 11, கிளையில 14.5.

ஒரு வேடிக்கை. மூணாம் நாள்ல இருந்து அவன் தூங்கற இடத்தை மாத்திட்டான். மேல் மூலையை விட்டுட்டு, கேனுக்கு நேர் மேல இருக்கிற தாழ்ந்த கிளையில வாலைச் சுருட்டிட்டுப் படுக்கிறான். நான் தெர்மாமீட்டர் முனையைக் கழட்டி அங்க கட்டினேன், 16 காட்டுச்சு. இன்னிக்குக் காலையில கையை நீட்டினேன், நல்லா சீறினான்.