நுரையீரல் ஸ்கேனில் ‘வெண்மங்கல்’: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

வைரஸ் நுரையீரல் அழற்சியிலிருந்து மீண்டவர்களின் சி.டி. அறிக்கைகளில் காணும் ‘கிரவுண்ட் கிளாஸ் ஒப்பாசிட்டி’ என்னும் தொடருக்குத் ‘தேய்கண்ணாடி ஒளிபுகாமை’ என்று முன்வைக்கப்பட்ட சொல்லில் முற்பாதி சரியானதே. அந்தக் ‘கிரவுண்ட்’ தரையன்று. தேய்த்து மழுக்கிய கண்ணாடியைக் குறிப்பது. பிற்பாதியைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

மார்புக் கதிரியல் வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பான பிளைஷ்னர் கழகம் 2008இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பின்படி, நுரையீரலின் ஒரு பகுதி வெளுத்து மங்கினாலும் அதனூடே இரத்தக் குழாய்களின் விளிம்பும் மூச்சுக்குழல் சுவரும் புலப்பட்டால்தான் இப்பெயர். அவை மறைந்துவிட்டால் அது ‘கன்சாலிடேஷன்’. ஊடே தெரிவதே இக்குறியின் இலக்கணமாக இருக்க, அதையே மறுக்கும் ‘புகாமை’யைப் பெயரில் வைத்தால் மருத்துவ மாணவருக்கு இரு நிலைகளும் ஒன்றாகிவிடும். ‘நிழல்’ என்பதும் பொருந்தாது. காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்றுநுண்ணறைகளில் நீர் ஓரளவு தேங்கிய இடமும் அவற்றின் சுவர் தடித்த இடமும் வெளுப்பாகத் தெரியும். ஆகவே ஊடே தெரியும் நிலைக்கு ‘வெண்மங்கல்’ என்றும், தெரியாத நிலைக்கு ‘வெண்செறிவு’ என்றும் வைக்கலாம்.

நோய் நீங்கிய பின் எஞ்சுவதற்கு என்ன பெயர் என்பதே இதைவிடப் பெரிய கேள்வி. ‘தழும்பு’ என்று எழுதினால், மாறவே மாறாதது என்றுதான் நம் மக்கள் பொருள் கொள்வார்கள். மூன்றாம் மாத அறிக்கையில் அச்சொல்லைக் காண்பவர் வீணாகக் கலங்குவார். வெண்மங்கலோ பல மாதங்களில் கரையக்கூடியது. 2003இல் சார்ஸ் நோயுற்ற பெய்ஜிங் மருத்துவப் பணியாளர்களை 2018 வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, நுரையீரல் மாற்றங்கள் பெரும்பாலும் முதல் ஓராண்டில் குறைந்தன. எஞ்சியவை பின்னர் ஏறக்குறைய அப்படியே நின்றன. கொரோனாவுக்குப் பிந்தைய ஆய்வுகளிலும், திசுவைச் சோதிக்காமல் படத்தை மட்டும் கொண்டு நார்த்திசு படிந்த தழும்பு (ஃபைப்ரோசிஸ்) என்று உறுதிகூற இயலாது என்பதால், ‘ஃபைப்ரோட்டிக் லைக்’ (அத்தழும்பு போன்றது) என்ற எச்சரிக்கையான வழக்கு உண்டு. இதற்கு ‘நார்ச்சாயல்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்.

எனவே எஞ்சுவன அனைத்துக்கும் பொதுவாக ‘எச்ச மாற்றம்’. மூச்சுக்குழல் இழுபட்டு விரிந்திருப்பதையும் கோடுகள் வலைபோல் பின்னியிருப்பதையும் காணும்போது ‘நார்ச்சாயல்’. அடுத்தடுத்த ஸ்கேன்களிலும் குறையாமல் நிலைத்தால் மட்டுமே ‘நார்த்தழும்பு’.

‘வெண்செறிவு’ எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ‘இறுகல்’ எனலாம், ஆனால் அது நார்த்தழும்பின் விறைப்போடு குழம்பும். கதிரியல் துறையினர் இதனினும் பொருத்தமான சொல்லிருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.