மில் கான்ட்ராக்ட் எல்லாம் ஒரே தெருவுக்குள்ளயே போகுது, எப்படி மாத்தறது?

மன்னை_நெல்லு:
மன்னார்குடி பக்கம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ரைஸ் மில் நடத்துறோம், இப்ப ரெண்டாவது யூனிட் போடப்போறோம். லாரி, லோடு, ஒயரிங், சாக்கு, ஆளுங்களுக்கு சாப்பாடுன்னு எல்லாமே அப்பா காலத்துலேர்ந்து சொந்தக்காரங்கதான். போன குறுவை அறுப்புல பங்காளி வீட்ல ஒரு சாவு, லாரியும் வரல லோடும் இறங்கல, ஈர நெல்லு களத்துல கெடந்துச்சு. அது ஒரு பக்கம். ஐடிஐ முடிச்ச காலனி பசங்க, மகளிர் குழு பொம்பளைங்கன்னு ஊர்ல எத்தனையோ பேர் வேலை தெரிஞ்சவங்க இருக்க, ஒருத்தரைக் கூட கூப்பிட்டதில்லங்கறது மனசு உறுத்துது. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

குடந்தை_கணக்கு:
வேலை தெரிஞ்சவனுக்கு குடுங்க, அவ்ளோதான். ஜாதி, ஆம்பளை பொம்பளை பாத்து குடுத்து தரம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?

நாகை_பேனல்:
இப்ப மட்டும் பாக்காமலா சார் குடுக்கறாங்க? லிஸ்ட்ல அத்தனை பேரும் ஒரே தெருன்னா அது வேலையப் பாத்து எடுத்த லிஸ்ட் இல்ல. நான் எஸ்சி, எலக்ட்ரிகல் பேனல் போர்டு செஞ்சு குடுக்கறேன், எனக்கு மொத ஆர்டர் மத்திய அரசு நிறுவனத்துலதான் கெடச்சுது. மத்திய அரசோட 2012 கொள்முதல் கொள்கை இருக்கு, அவங்க துறைகளும் நிறுவனங்களும் வருஷ கொள்முதல்ல 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்கள்ட்ட வாங்கணும், அதுக்குள்ள எஸ்சி எஸ்டிக்கு 4, பெண்கள் நடத்தறதுக்கு 3. இந்த 25ம், பெண்களுக்கு 3ம் 2018ல வந்தது, அதுக்கு முன்னாடி மொத்தமே 20 தான். இதுக்காக விலைய ஏத்தி ஒண்ணும் தரல, டெண்டர்ல வந்த குறைஞ்ச விலைய விட 15 சதவீதம் வரைக்கும் கூட நாம கேட்டிருந்தா அதே குறைஞ்ச விலைக்கு எறங்கி வந்து ஒரு பங்கு சப்ளை பண்ணலாம், அவ்ளோதான். தனியார் மில்லுக்கு இது கட்டாயமில்ல, ஆனா இந்த முறைய எடுத்துக்கலாம். பழைய ஆளையும் வச்சு, வெளியாள் ரெண்டு பேர்கிட்டயும் கொட்டேஷன் வாங்குங்க.

ஐயாறு_குழு:
தம்பி, நாங்க குழுவா சேந்து பழைய சாக்கு கிழிசல் தைக்கிறோம், கோணி ஊசியும் சணல் நூலும்தான் முதலீடு. பணம் எப்ப குடுப்பீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு செக் குடுக்கற எடத்துல சொத்து இருக்கறவங்க மட்டும்தான் நிக்க முடியும், எங்களுக்கு வாராவாரம் நூல் வாங்கணும், குழு லோன் தவணையும் இருக்கு. உதயம்ங்கற மத்திய அரசு தளத்துல பதிவு பண்ணின குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள், குறு, சிறு தொழிலுக்குன்னு 2006 சட்டமே இருக்கு. அப்புறம் ஆர்டர் சேதிய டீக்கடையில சொன்னா எங்க காதுக்கு வராது, மகளிர் குழுக்களோட ஊராட்சி கூட்டமைப்புல சொல்லி விடுங்க. பொண்டாட்டி பேர்ல போர்டு மாட்டிட்டு வர்றவரையும் பாத்துக்கங்க, செக்ல யாரு கையெழுத்து போடறாங்கன்னு கேளுங்க.

மன்னை_நெல்லு:
ரொம்ப நன்றிக்கா. லாரிய மாத்த அண்ணன் இன்னும் ஒத்துக்கல, பேசிப் பாக்கறேன். சாக்கும் சாப்பாடும் என் பொறுப்புதான், 15 நாள்ல பணம்னு எழுதியே குடுக்கறேன். நாகை சார், பேனல் போர்டுக்கு நீங்களும் கொட்டேஷன் அனுப்புங்க.