மாருதி 800: முன் இடது கண்ணாடி இறங்கவில்லை, ஏற்றி இறக்கும் மெஷினை மாற்றத்தான் வேண்டுமா?

வேப்பமரத்து எண்ணூறு:

வணக்கம். அப்பாவின் 2003 மாடல் மாருதி 800, ஏசி இல்லாத ஸ்டாண்டர்டு வண்டி. அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதால் நாலு மாதம் பாளையங்கோட்டை வீட்டு வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. இப்போது புதன்கிழமைதோறும் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். அவர் உட்காரும் இடது பக்கக் கண்ணாடிதான் இறங்கவில்லை. ஹேண்டில் கால் சுற்று சுற்றும், அப்புறம் கல்லில் முட்டியது போல நின்றுவிடும். கண்ணாடியின் முன் மூலை மட்டும் அரை இஞ்ச் இறங்கிச் சாய்கிறது, பின் மூலை அசையவே இல்லை. திருப்பிச் சுற்றினால் நேராகிவிடுகிறது.

இங்கே ஒரு மெக்கானிக், கதவைக் கழற்றிப் பார்க்காமலே "மெஷின் போச்சு, புதுசு போட்டிரலாம்" என்றார். மே மாத வெயிலில் அப்பா கைக்குட்டையால் விசிறிக்கொண்டு வருகிறார். அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. நானே கழற்றிப் பார்க்கலாமா? எங்கே தொடங்குவது?

ஸ்பேனர் செட்:

தம்பி, முதலில் ஹேண்டிலை அழுத்திச் சுற்றுவதை நிறுத்துங்கள். நல்ல மெஷினும் அதில்தான் போகும். பல் தேய்ந்தாலோ வயர் அறுந்தாலோ ஹேண்டில் லொடலொடவென்று சும்மா சுற்றும். உங்களுடையது முட்டி நிற்கிறது, கண்ணாடியும் சாய்கிறது. அப்படியென்றால் மெஷின் இழுக்கிறது, கண்ணாடியின் விளிம்பு வழுக்கி இறங்கும் பின்பக்க ரப்பர்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இது என் கணிப்பு. கழற்றினால்தான் உறுதியாகும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவர் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றட்டும். நீங்கள் கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, பின் மூலையைக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். கொஞ்சமாவது நகர்ந்தால் மெஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கழற்றும்போது பலர் தடுமாறுவது ஹேண்டிலில்தான். அதில் ஸ்குரூ இருக்காது. பின்னால் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய பருத்தித் துணியை ஹேண்டிலுக்கும் டோர் பேடுக்கும் (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை) நடுவே நுழைத்து, குளித்துவிட்டு முதுகைத் துண்டால் தேய்ப்போமே, அதுபோல மாற்றி மாற்றி இழுங்கள். துணி கிளிப்பைக் கொக்கி போட்டு வெளியே கொண்டுவந்துவிடும். தெறித்துப் பறக்கும், சீட்டில் போர்வை விரித்துவிட்டு இழுங்கள். ஹேண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைப்பிடி ஸ்குரூக்கள், லாக் குமிழ். டோர் பேடை அடிப்பக்கத்திலிருந்து கிளிப் கிளிப்பாக நெம்புங்கள், நடுவில் பிடித்து இழுத்தால் அட்டை கிழியும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழிக்காதீர்கள். மெஷினின் போல்ட்டைத் தளர்த்த வேண்டி வந்தால், கண்ணாடியை மேலே ஏற்றி டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டிய பிறகுதான் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி கதவுக்குள் விழும்.

தாமிரபரணிக் கரை:

அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இறங்கவில்லை என்று ரப்பரில் இன்ஜின் ஆயிலோ கிரீஸோ விடாதீர்கள். இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் ரப்பர் உப்பி முன்னைவிட இறுகும். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் மெஷினின் பல்லுக்கு மட்டும்.

வேப்பமரத்து எண்ணூறு:

ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன சோதனையில் பின் மூலை ஒரு நூல் அளவு அசைந்தது. அந்தத் தைரியத்தில்தான் கை வைத்தேன். துணி இழுத்த பத்தாவது இழுப்பில் கிளிப் வந்தது.

மெஷின் பல் ஒன்றுகூடத் தேயவில்லை. பின்பக்க ரப்பரின் மேல்பாதியில் வேப்பம்பிசின் வழிந்து, தூசியோடு சேர்ந்து, வெல்லப்பாகு உறைந்தது போலக் கெட்டியாகியிருந்தது. கண்ணாடி விளிம்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு மாதம் திறக்காமல் விட்டது என் தவறுதான். கீழ்ப்பாதியில் ரப்பர் சுருங்கி, அது பதியும் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, கண்ணாடி இறங்கும் வழியில் மடிந்து கிடந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து அரை மணி நேரம் ஒற்றிய பிறகு பிசின் இளகியது. பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டி எடுத்தேன். ரப்பர் மட்டும் புதிதாக வாங்கிப் போட்டேன், 180 ரூபாய்.

இப்போது மூன்று சுற்றில் பாதி இறங்குகிறது. அப்பாவை உட்கார வைத்தேன், அவரே சுற்றினார். முழுக்க இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு "வண்டியை எடு" என்றார். உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஸ்பேனர் செட்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. டோர் பேடை மூடுவதற்கு முன் கதவின் அடி விளிம்பைப் பார்த்தீர்களா? மழைத்தண்ணீர் வடிய அங்கே சின்ன ஓட்டைகள் இருக்கும். வேப்பமரத்தடி வண்டியென்றால் சருகு அடைத்திருக்கும். தண்ணீர் தேங்கினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இந்த வண்டி 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றது, நல்ல கதவு கிடைப்பது இனி கஷ்டம். அந்தப் பிளாஸ்டிக் தாளையும் மறக்காமல் திரும்ப ஒட்டுங்கள், டோர் பேட் அட்டை நனையாமல் காப்பது அதுதான்.

வேப்பமரத்து எண்ணூறு:

தாளை ஒட்டிவிட்டேன் அண்ணே. ஓட்டைகளை நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். நாலு கதவிலும் ஈர்க்குச்சியால் குத்தினேன். இடது முன் கதவில் ஒரு கைப்பிடி சருகு. வலது பின் கதவில் குச்சி போனதும் கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது, ஒரு செம்பு இருக்கும். அந்த டோர் பேடையும் அடுத்த ஞாயிறு கழற்றுகிறேன்.